கண் சிமிட்டிய பிணம்

அடைக்கலம் சார் இறந்த மறுநாள்
பீடோங் சடக்கோரம், முடிதிருத்தும் கடைச் சுவரில்
ஒட்டியிருந்தார்கள்: மூத்த இயக்குநர்.
எந்தப் படத்துக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் என்னிடம் வந்திருக்க வேண்டும்.
அவர் எடுத்த முதல் பிணம் நான்.

எனக்கு ஒன்பது வயசு.
ராத்திரி படம் காட்டும் இலாகா வேன்
அன்றைக்குப் பகலில் வந்து பிரட்டுக்களத்தில் நின்றது.
மலேரியாவில் சாக ஒரு பிள்ளை வேணும் என்றார்.
லயத்துக் கதவெல்லாம் சாத்திக்கொண்டன.
என் அம்மா மட்டும், "என்னா குடுப்பீங்க?"
மூணு வெள்ளி. ஒரு டின் பால்.
செத்தேன்.

கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள்.
பக்கத்தில் அழுவதற்குச் சித்திரக்கனி அத்தை.
போன மாசம்தான் மூத்தவனைப் புதைத்திருந்தாள்.
நடிக்கச் சொன்னார்கள்,
அவள் நடிக்கவில்லை.
சார் தொப்பியைக் கழற்றினார். கழற்றிவிட்டு
மெல்ல, "லோய், ஓடட்டும்" என்றார்.
அந்த ஒரு வார்த்தையை
மன்னிப்பதா வேண்டாமா என்று தெரியாமல்
இன்றுவரை வைத்திருக்கிறேன்.

அப்போதுதான் கொசு.
மலேரியாப் படத்தில், நிஜக் கொசு,
என் இமைமேல்.
சிமிட்டிவிட்டேன்.

அவர் திட்டவில்லை.
"இன்னொரு தரம் சாவும்மா" என்றார்.
இன்னொரு தரம் அத்தைக்கு அழுகை வரவில்லை.
வெங்காயம் தேய்த்தார்கள்.
தோட்டம் தோட்டமாய் ஓடியது அந்த வெங்காயம்தான்.
கெட்டுப்போன துண்டைத்
தீப்பெட்டிக்குள் சுருட்டி என்னிடம் கொடுத்தார்.

அதற்கப்புறம் பெரிய ஆளானார் என்பார்கள்.
மரவாலைத் தவுக்கே ஒருவர் காசு போட்டு,
கித்தாக் காட்டுக்குள் ஒரு காதல் கதை.
பதினோரு நாள் பிடித்தார்கள்.
பன்னிரண்டாம் நாள் மரவாலை எரிந்தது.
கதாநாயகி ரயிலேறிவிட்டாள்.
காதலன் எந்தத் தகரப் பெட்டியிலோ
இன்னும் மரத்தடியில் நிற்கிறான்.

பிறகு டிவி. கோலாலம்பூர்.
வாரம் அரைமணி நேரம் தமிழ் நாடகம்.
அட்டையில் லயம், அட்டையில் கோயில்,
அட்டைச் சன்னலுக்கு அப்பால்
மின்விசிறிக் காற்றில் ஆடும் ஒரே ஒரு நிஜ வாழை.
வசனம் மறந்தவனை
மேசைக்கடியில் படுத்திருந்து கிள்ளிய கை
இயக்குநருடையது.
கிளப்பில் ஒரே பெட்டி, நாங்கள் அறுபது பேர்.
கடைசியில் பெயர்கள் ஏறத் தொடங்கினாலே
கரண்டுக் காசுக்குப் பயந்து தண்டல் அணைத்துவிடுவான்.
அவர் பெயரைத் திரையில் நான் பார்த்ததேயில்லை.

நாடாவில் பதிகிற காலமும் வந்தது.
நாடா விலை அதிகம்; அழித்து, அதன்மேல் பூப்பந்து.
"என் நாடகமெல்லாம்
ஒரு பூப்பந்துக்கு அடியில கெடக்கு, பவுனு"
என்று தோசைக்கடையில் சிரித்தார்.
சிரித்து முடிப்பதற்குள் தே ஆறிவிட்டது.

ஓய்வுக்குப் பின் கல்யாண வீடியோ.
தாலி ஏறும் நேரம் அவர் காமிரா
பந்தலுக்கு வெளியே, எச்சிலிலை அள்ளும் பெண்ணிடம் நிற்கும்.
காசைக் குறைத்தார்கள்.
என் மகள் கல்யாணத்திலும் அதே கதை.
"தாலி எங்க சார்?"
"அதத்தான் எல்லாரும் பாத்தாங்களே."

துண்டு, முழத்துக்குக் கொஞ்சம் குறைவு.
சன்னலில் பிடித்து எண்ணியிருக்கிறேன்:
ஐம்பத்திரண்டு கட்டம்.
முப்பதுவரை பிணம். முப்பத்தொன்றில் இமை நடுங்குகிறது.
நாற்பதில் என் கண் திறந்தே இருக்கிறது,
நேராக அவரைப் பார்த்து.
எல்லாக் கட்டத்திலும்
அத்தையின் வாய் இன்னும் கொஞ்சம் திறக்கிறது.
சத்தம் கிடையாது.

கருமக்கிரியையன்று அவர் மருமகன்
திரை கட்டி, புரொஜெக்டர் வைத்து,
"மாமாவோட படம் ஏதாச்சும் யாருகிட்டயாவது இருக்கா?"
என்று மைக்கில் கேட்டான்.

தீப்பெட்டி என் கைப்பையில்.
எனக்கு முன்னால் நாலாவது நாற்காலியில்
சித்திரக்கனி அத்தையின் இளைய மகன்
காப்பியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான்.
இல்லை என்று தலையாட்டினேன்.